கேழ்வரகு நல்லதுதான், யாருக்கு என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், அவரவர் உடம்புக்கென்று தனியாக உணவு வகுத்துத் தருவதைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும். வெட்டுவதானால் என் வீட்டுக் கதையை விட்டுவிட்டு மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் தப்பு எதுவும் இல்லை. எச்சிலை டப்பியில் அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்வார்களாம், கையில் வில்லை மாதிரி ஒட்டிக்கொண்டால் இரண்டு வாரத்துக்கு ராத்திரி பகலாகச் சர்க்கரை அளவைக் காட்டிக்கொண்டே இருக்குமாம், அதற்கு ஒரு செயலியாம். சரி, நல்ல விஷயம், வசதி இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும். ஆனால் அதே பக்கத்தில் கீழே ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள் பாருங்கள், 'தினமும் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழ், ஒரு இளநீர், ஒரு கப் கீரை, எல்லோருக்கும் ஏற்றது' என்று. மேலே ஆளுக்கு ஆள் உணவு மாறும் என்று முழுப்பக்கம் எழுதிவிட்டு, கீழே எல்லோருக்கும் ஏற்றது! அந்த 'எல்லோருக்கும்' என்ற ஒரு சொல்தான் என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறது.

நான் 31 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். திட்டத்தை ஆரம்பித்தார், நான் அடுத்த இரண்டாவது வருடம் சேர்ந்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதுதான் என் பிழைப்பே. ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம், பருப்பு இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு, தலையை எண்ணு, தராசில் போடு, உலையை வை. அதை நான் குறைவாகப் பேசவில்லை. பிள்ளை பசியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது உனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது, போட்டுவிட வேண்டும். அங்கேயும்கூட முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்று ஒரு சின்ன சலுகை உண்டு. (முட்டையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, வாழைப்பழத்தில் ஒரு கிராம்தான். பதிவேட்டில் இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது வேறு கதை.)

ஒரே அளவு பசிக்குச் சரி. நோய்க்குச் சரியா என்பதை என் வீட்டுக்காரர் காலில் பலமில்லாமல் போனபோதுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் நெசவாளி. தாரமங்கலத்தில் எங்கள் தெருவில் பாதி வீடு தறி வீடு. சர்க்கரை வந்து 19 வருடம், ரத்தக்கொதிப்பு வந்து பத்து வருடம் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பார்த்தபோது கிரியேட்டினின் 2.6 என்று வந்தது, சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்துவிட்டது என்றார்கள். மாத்திரை எழுதினார்கள், கூடவே ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாளையும் கொடுத்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். தலைப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு முறை. காலை 8 மணிக்கு ஓட்ஸ் அல்லது கேழ்வரகுக் கஞ்சி, 11 மணிக்கு ஒரு பழம், மதியம் சோறு ஒரு கப், காய் இரண்டு கப், கீரை, பருப்பு, மாலையில் சுண்டல், இரவு இரண்டு சப்பாத்தி. மேலே பெயர் எழுத ஒரு கோடு இருந்தது, அந்தக் கோட்டைக்கூட யாரும் நிரப்பவில்லை.

சர்க்கரை மட்டும் இருப்பவருக்கு அந்தத் தாளில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவருக்கு இருப்பது சர்க்கரை மட்டுமா? நானோ 31 வருடம் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டுப் பழகியவள், தாளில் இருந்ததை ஒரு வரி பிசகாமல் செய்தேன். சோற்றைக் குறைத்தேன், கேழ்வரகைக் கூட்டினேன், தினமும் கீரை, தினமும் சுண்டல். பக்கத்து வீட்டு அக்கா வாழைத்தண்டுச் சாறு கிட்னிக்கு நல்லது என்றார், அதையும் சேர்த்தேன். கோடைகாலம், இளநீர் குளிர்ச்சி என்று தினமும் ஒன்று. ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த, சோடியம் குறைத்த உப்பு வேறு.

ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் தறிக்குழியில் இறங்கியவர், மிதியை அழுத்தக் காலில் பலமே இல்லை என்று கைபிடித்து ஏறி வந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது. ஆட்டோ வைத்துச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் 6.4, சுமார் ஐந்துக்குள் நிற்க வேண்டியது. ஈ.சி.ஜி.யிலும் மாற்றம் தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் இதயம் நின்றிருக்கக்கூடும் என்று இரவுப் பணி மருத்துவர் சொன்னபோது, நான் செய்து போட்ட கேழ்வரகுக் கூழ்தான் கண்முன்னால் வந்தது.

பிறகு விளங்கிக்கொண்டது இது. உணவில் வரும் பொட்டாசியம் மிஞ்சினால் அதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை, அது சோர்ந்துபோனால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தேங்கும். வெள்ளை அரிசியைப் போல் கேழ்வரகில் பொட்டாசியம் சுமார் நான்கு மடங்கு. ஒரு இளநீரில் அரை கிராமுக்குக் குறையாது. கீரை, பயறு, வாழைத்தண்டு எல்லாம் அதே வழி. அந்த நல்ல உப்பு இருக்கிறதே, அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் சேர்க்கிறார்கள். ரத்தக்கொதிப்புக்கு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை வகையும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நல்லதுதான், எல்லாம் சேர்ந்து ஒரே ஆளுக்குள் போனதுதான் வினை. மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அன்றைக்கு அவர் அறைக்கு வெளியே நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நான்கு நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பினார்கள். அனுப்பும்போது உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். இன்னொரு ஜெராக்ஸ் தாள் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். 26, 27 வயது இருக்கும் ஒரு பெண், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். எங்களிடம் 40 நிமிடம் பேசினாள், அதில் அரை மணி நேரம் கேள்விதான்.

"ஐயா, தறிக்கு எத்தனை மணிக்கு உட்காருவீங்க?"

"நாலரை, அஞ்சுக்கு."

"அப்ப எட்டு மணிக்குத்தான் காலைச் சாப்பாடுன்னா, அதுவரைக்கும் வெறும் வயிறா? மாத்திரை எப்பப் போடறீங்க?"

மாத்திரையை எழுந்ததும் போட்டுவிடுவார். தாளில் எட்டு மணி என்று இருந்ததால் நான் எட்டு மணிக்குத்தான் கஞ்சி கொடுத்தேன். இடையில் மூன்று மணி நேரம் தறி மிதித்துக்கொண்டிருக்கும் மனுஷனுக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது, அவரும் என்னிடம் சொல்லாமல் தெருமுனைக் கடையில் போய் டீ குடித்து வந்திருக்கிறார். அது எப்படி வெளியே வந்தது என்றால், அந்தப் பெண் "டீயில சர்க்கரை போடுவீங்களா ஐயா?" என்று கேட்டாள், இவர் "வீட்ல போடறதில்லைங்க" என்றார். அவள் விடவில்லை, "கடையில?" என்றாள். இவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு மூன்று டீ, மூன்றிலும் சர்க்கரை. எந்த எச்சில் டப்பியிலும் இது தெரியாது.

அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, ஒரு கப்புன்னா உங்க வீட்ல எது?" நான் கையால் காட்டினேன். அடுத்த முறை வரும்போது அந்தக் கிண்ணத்தையே கொண்டுவரச் சொன்னாள். கொண்டுபோனேன். தண்ணீர் ஊற்றி அளந்தாள், தாளில் சொன்ன கப் இரண்டு கப் அதற்குள் அடங்கியது. 31 வருடம் தராசும் கையுமாக இருந்தவள், சொந்த வீட்டில் கிண்ணத்தை அளந்து பார்த்ததில்லை. எனக்கு மானம் போயிற்று.

அவள் எழுதிக் கொடுத்தது பாதி எனக்குத் தலைகீழாக இருந்தது. எல்லோரும் திட்டுகிற வெள்ளைச் சோற்றை அளவோடு திரும்பக் கொண்டுவந்தாள், சிறுநீரகத்துக்கு அது சுலபம் என்று. கேழ்வரகை வாரத்துக்கு ஒரு நாள், சின்ன உருண்டை அளவுக்கு வைத்தாள். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு தாளிக்கச் சொன்னாள், பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு ஓரளவு போய்விடுமாம். என் சமையல் உதவியாளர்களைக் கேட்டுப் பாருங்கள், காய் வெந்த தண்ணீரைக் கொட்டினால் நான் எப்படிக் கத்துவேன் என்று! சத்தெல்லாம் சாக்கடையில போகுது என்று எத்தனை பேரை அழ வைத்திருக்கிறேன். இப்போது என் வீட்டில் நானே தினமும் கொட்டுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீர் வேண்டும், இவருக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஜவ்வரிசி விஷயம் இன்னும் வேடிக்கை. சேலத்துக்காரியிடம் ஜவ்வரிசியைப் பற்றிப் பேசுவதா? எங்கள் ஊர்ப் பக்கம் ஜவ்வரிசி எடுக்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடாத காடு எது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. ஆனால் அது சுத்தமான மாவுச்சத்து, நூறு கிராமில் கால் கிராம் புரதம்கூட இருக்காது, சர்க்கரை சரசரவென்று ஏறும், அதனால் வீட்டில் ஒதுக்கியே வைத்திருந்தேன். இவர் இளைத்துக்கொண்டே போன இரண்டு மாதம், வாரத்தில் இரண்டு நாள், சின்ன அளவில், காய் சேர்த்து உப்புமாவாகச் செய்யச் சொன்னாள் அந்தப் பெண், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்க்கச் சொல்லி. புரதமும் பொட்டாசியமும் இல்லாதது சத்தில்லாத குறை என்று நான் நினைத்திருந்தேன், அந்த நேரத்தில் இவருக்கு அதுதான் தேவையாக இருந்தது.

புரதத்தையும் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட்டாள். கிலோவுக்கு 0.8 கிராம், இவர் 56 கிலோ, ஆக நாளைக்கு 45 கிராம். அதோடு ஒன்று சொன்னாள், அதை நான் மறக்கவே இல்லை. "நாளைக்கே டயாலிசிஸ் ஆரம்பிக்கிற மாதிரி ஆச்சுன்னா இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு என்கிட்ட வாங்கம்மா, அப்பப் புரதத்தைக் கூட்டணும், குறைக்கக்கூடாது." டயாலிசிஸில் புரதம் வீணாகுமாம், அப்போது கிலோவுக்கு ஒன்றிலிருந்து 1.2 கிராம் வரை வேண்டுமாம். அதே ஆள், அதே நோய், சாப்பாடு மட்டும் நேர் எதிர். சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆரஞ்சுச் சாறு கொடுக்காமல் குளுக்கோஸ் கொடுக்கச் சொன்னதும் அவள்தான், சாற்றில் பொட்டாசியம் என்பதால்.

தட்டுவடை செட்டை (இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் எங்கள் ஊர்ப் பண்டம்) மட்டும் நிறுத்தமாட்டேன் என்று இவர் அடம் பிடித்தார். நியாயம்தான், சேலத்தில் இருந்துகொண்டு சாயங்காலம் அந்த வண்டிக் கடையைத் தாண்டி வருவது லேசான காரியமா? "மாசத்துக்கு ரெண்டு தடவை, ரெண்டே செட், பீட்ரூட்டைக் கம்மியா வைக்கச் சொல்லுங்க, அன்னிக்கு ராத்திரி ஊறுகாய் கூடாது" என்று பேரம் பேசி முடித்தாள். அந்தப் பேரத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் இவர் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஆறு மாதத்தில் பொட்டாசியம் 4.8. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1சி.) 8.9 சதவீதத்தில் இருந்து 7.6. கிரியேட்டினின் குறையவில்லை. குறையும் என்று அவள் சொல்லவும் இல்லை, ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள்.

இதைப் படிக்கிற யாரும் இவருக்குச் சொன்னதை எடுத்துத் தங்கள் வீட்டில் செய்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் நான் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தமே இல்லை.

என் அக்கா மகள் ஊட்டச்சத்தியல் படித்தவள். உங்கள் கட்டுரையை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி இதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். உண்மைதான் சித்தி என்றாள். 2015-இல் இஸ்ரேலில் 800 பேருக்குச் சென்சார் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஒரே உணவுக்கு ஆளுக்கு ஆள் சர்க்கரை ஏறுவது வேறு வேறாக இருந்திருக்கிறது. 2020-இல் இங்கிலாந்தில் இரட்டையர்களையும் சேர்த்து ஆயிரம் பேருக்கு மேல் பார்த்திருக்கிறார்கள், மரபணு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் இரட்டையருக்குள்ளேயே வித்தியாசம். அப்படியென்றால் மரபணுவை மட்டும் பார்த்து என்ன செய்வது? இதை நான் கேட்டதும் அவள் சிரித்துவிட்டு இன்னொன்று சொன்னாள், உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது அதுதான். ஐரோப்பாவில் ஏழு நாடுகளில் 1,600 பேருக்குக் கொஞ்சம் மேல் வைத்து ஆறு மாதம் ஒரு ஆய்வு நடந்து 2017-இல் வெளிவந்திருக்கிறது. ஒரு கூட்டத்துக்குப் பொதுவான அறிவுரை, இன்னொன்றுக்கு அவரவர் சாப்பாட்டைக் கேட்டு அறிவுரை, மூன்றாவதுக்கு அதோடு ரத்தப் பரிசோதனையும் உடல் அளவுகளும், நான்காவதுக்கு மரபணுவும். பொதுவான அறிவுரை கேட்டவர்களைவிடத் தனித்தனியாகக் கேட்டவர்கள் சாப்பாட்டை நன்றாகவே மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டைக் கேட்டுச் சொன்னதற்கு மேல், ரத்தமும் மரபணுவும் சேர்த்ததால் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இவர்களெல்லாம் ஓரளவு ஆரோக்கியமானவர்கள், என் வீட்டுக்காரர் மாதிரி ஆளுக்கு ரத்தப் பரிசோதனை உயிர் காக்கும் என்பது வேறு. ஆனாலும் என்ன சாப்பிடுகிறாய் என்று உட்கார்ந்து கேட்பதுதான் பெரிய பங்கு வேலையைச் செய்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதற்கு ஒரு நாற்காலியும் பொறுமையும் போதும்.

சென்சார் இல்லாமல் நாங்களும் ஒரு ஆராய்ச்சி செய்தோம். எனக்கும் இப்போது எல்லைக்கோட்டுச் சர்க்கரை. நானும் என் நாத்தனாரும் ஒரே நாளில் ஒரே மாவில் ஊற்றிய மூன்று இட்லி, ஒரே சட்னி, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தோம். எனக்கு 178, அவளுக்கு 131. மறுநாள் எனக்கு மட்டும் இரண்டு இட்லி, முதலில் ஒரு கிண்ணம் காயும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டு, பிறகு கைலாசநாதர் கோயில் வரை ஒரு நடை. 142. இரண்டு நாள் கணக்கை வைத்து ஊருக்கு உபதேசம் செய்யமாட்டேன், ஆனால் மீட்டர் வைத்திருக்கும் வீடுகளில் பாதிப் பேர் வெறும் வயிற்றுச் சர்க்கரையைத் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை.

ஏற்காட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலையில் இருக்கும்போது மூன்று வருடம் சேர்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில் இருந்தேன். மலையாளி என்ற பழங்குடிக் குடும்பங்கள், வயதானவர்கள் சாமைச் சோறும் களியும் பேசுவார்கள், அடுப்பில் என்னவோ ரேஷன் அரிசிதான் வெந்துகொண்டிருக்கும். அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் ஏறவே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள், எண்ணிப் பார்த்தால் அட்டையும் காலியாகத்தான் இருக்கிறது. பொய் சொல்கிறாள், எங்கேயோ தூக்கிப் போடுகிறாள் என்றுகூடப் பேசினார்கள். கிராம சுகாதார செவிலியர் ஒருவர் புதிதாக வந்தவர், "மாத்திரையை எதோட முழுங்கறே கண்ணு?" என்று கேட்டார். கடுங்காப்பியோடு. மலையில் வீட்டுக்குப் பின்னாலேயே காப்பிச் செடி, பொழுது சாய்ந்தால் குளிருக்குக் காப்பி வைக்காத வீடு கிடையாது, அவளும் மாத்திரையைக் காப்பியில் விழுங்கியிருக்கிறாள். காப்பியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றி, ஒரு நெல்லிக்காயோ மலையில் கிடைக்கும் ஆரஞ்சோ கூடச் சாப்பிடச் சொல்லி, காப்பியைச் சாயங்காலத்துக்கே விட்டுவிட்டார் அந்தச் செவிலியர் அம்மா. அடுத்த இரண்டு மாதத்தில் ஏறியது. தனிநபர் ஊட்டச்சத்து என்ற பெயரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை, இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியின் பிதாமகர் என்று சொல்லப்படும் டாக்டர் சி. கோபாலன் நம் சேலத்தில் பிறந்தவர், 1918-இல். அதே வருடம்தான் குன்னூரில் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தை ஆரம்பித்தார், அது வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் போய் இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது, கோபாலன் அதற்கு இயக்குநராக இருந்தார். நம் நாட்டு உணவுகளில் எதில் என்ன சத்து என்று அவரும் கூட இருந்தவர்களும் 1971-இல் போட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2017-இல் அந்த நிறுவனம் 528 உணவுகளை வைத்து அதைப் புதிதாகச் செய்துவிட்டது. ஆக, உணவைப் பற்றிய கணக்கு நம்மிடம் பக்காவாக இருக்கிறது. சாப்பிடுகிற ஆளைப் பற்றிய கணக்குக்குத்தான் ஆள் இல்லை.

2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. அத்தனை பேருக்கும் 40 நிமிடம் எங்கே போவது என்று கேட்பீர்கள். அத்தனை பேருக்கும் வேண்டாம். இரண்டு நோய் சேர்ந்திருப்பவர், சிறுநீரகம் கெட்டவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் (அவர் கீரையைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் அதில் சில வகை மாத்திரையின் வேலை மாறும்), கர்ப்பிணி, இவர்களுக்கு முதலில் கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு உணவு ஆலோசகர், வாரத்தில் இரண்டு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தாலும் போதும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் இருந்து பெண் தன்னார்வலர்கள் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். எங்கள் தெருவுக்கு வரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவாள், அடுப்படி அவளுக்குத் தெரியும், யார் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று தெரியும். அவள் கையில் ஐந்து கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுங்கள்: எப்போது எழுகிறீர்கள், மாத்திரை எப்போது, முதல் சாப்பாடு எப்போது, வெளியே என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த உப்பு. என் வீட்டுக்காரர் விஷயத்தில் இந்தக் கடைசிக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அந்த நான்கு நாள் படுக்கை இருந்திருக்காது.

இன்னொன்று, ஆறு வாரச் சான்றிதழை மாட்டிக்கொண்டு டயட்டீஷியன் என்று பலகை வைப்பவர்கள் சேலத்திலும் பெருகிவிட்டார்கள். உணவியல் வல்லுநர்களையும் சேர்த்துத்தான் 2021-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, பதிவு வேண்டும் என்று. பலகையைப் பார்த்தவுடன் போகாமல் என்ன படித்தீர்கள் என்று கேளுங்கள், தப்பில்லை. இருபது நிமிடத்துக்குள் சத்து மாவு டப்பா ஒன்றை உங்கள் தலையில் கட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாராவாரம் ஏதாவது ஒரு கீரை, ஒரு சிறுதானியம், ஒரு சாறு என்று போடுகிறீர்கள், போடுங்கள், நானும் படிக்கிறேன். கீழே ஒரு வரி, யார் மருத்துவரைக் கேட்காமல் இதைச் சாப்பிடக்கூடாது என்று சேர்த்துப் போடுங்கள். கேழ்வரகுக்கும் இளநீருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் என்று மூன்று சொல்தான் வரும். இடம் இல்லை என்றால் அந்தக் கூழ்க் கிண்ணத்தின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், அது அன்றைக்கு அரைப் பக்கத்துக்கு இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர்,
தாரமங்கலம், சேலம் மாவட்டம்.